தாயார் ஊர் என்றொரு கட்டம்

மகனுக்கு உன் அப்பா தென்காசியிலிருந்து எழுதுவது. நேற்றுக் காலையில்தான் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்தேன், இன்றைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்றும் வாய் திறக்காத மனுஷனுக்கு இப்போது என்ன பேச்சு பொத்துக்கொண்டு வருகிறது என்று உன் அம்மா கேட்டுவிட்டுப் போகிறாள். முகத்தைப் பார்த்துப் பேச முடியாததை எழுதத்தானே கடிதம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். உன் கப்பல் ஞாயிற்றுக்கிழமை. அதுவரை பட்டணத்தில் மாமா வீட்டில் இருப்பாய். நீ ரங்கூனில் கால் வைப்பதற்கு முன்னால் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்பதற்காகத் தபாலாபீஸுக்கு நானே நடந்து போய்ப் போட்டுவிட்டு வரப்போகிறேன். மத்தியானத் தபால் கட்டுவதற்குள் முடிக்க வேண்டும். அதனால் எழுத்து கோணலாக இருக்கும். என் கையெழுத்து கோணி நீ பார்த்ததில்லை.

போன வாரம் குற்றாலத்தில் உனக்கு விருந்து வைத்தார்களே, அங்கே ஆரம்பிக்கிறேன். ரங்கூனிலிருந்து நம்மோடு திரும்பி வந்த குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். ஆலங்குளத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பேரருவியில் குளித்துவிட்டுச் சத்திரத்தில் இலை போட்டபோது உன்னைப் பேசச் சொன்னார்கள். நீ எழுந்து நின்று, சண்டை வந்த சமயத்தில் நம் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றைக்கூட விட்டுவிடாமல் எங்கள் அப்பா கப்பலேற்றிக் கொண்டுவந்து சேர்த்தார், நான் போய் அவர் நடத்திய சங்கத்துக்கு மறுபடியும் உயிர் கொடுக்கப் போகிறேன் என்றாய். நன்றாகத்தான் பேசினாய். வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு நீ இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிச் சொன்னாய். எனக்கு இருந்தது பயம். நீ சொன்னதில் ஒரு பொய் இருந்தது. அது உன் பொய்யில்லை, நான் உனக்குச் சொல்லி வளர்த்த பொய். அதைத் தூக்கிக்கொண்டு நீ ரங்கூன் தெருவில் போய் நின்றால், அங்கே அதைக் கேட்கக்கூடாத இரண்டு பேர் இருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு உனக்கு என்மேல் இருக்கிற மதிப்பு போய்விடும் என்பது எனக்குத் தெரியும். கிழட்டு வயதில் எனக்கு மிச்சமிருக்கிற சொத்து அது ஒன்றுதான். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சங்கத்தைப் பற்றி நீ பெருமையாகச் சொன்னதெல்லாம் நிஜம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வடகரையில் வயலைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு நான் கப்பலேறியபோது எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அரிசி மில்லில் குமாஸ்தா வேலை. என்னைப் போல் தென்காசி, செங்கோட்டை, ஆலங்குளம் பக்கத்துப் பையன்கள் நாற்பது ஐம்பது பேர் அந்த ஊரில் மூலைக்கு ஒருவராய்க் கிடந்தோம். வெற்றிலைக் கடைக்கு மேல் ஒரு அறை பிடித்துப் பத்திரிகை வாங்கிப் போட்டோம். கப்பலில் வருகிற பத்திரிகை, நாலு நாள் பழசு. அதற்கே அடிதடி நடக்கும். பிறகு புத்தகம் சேர்ந்தது, அலமாரி சேர்ந்தது. ஓடு போட்ட ஹால் ஒன்றை நாங்களே கட்டினோம். வருஷம் இரண்டு நாடகம் போட்டோம். தஞ்சாவூர்க்காரர்களும் செட்டிநாட்டுக்காரர்களும் வந்து உட்கார இடமில்லாமல் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அங்கே பிறந்த பிள்ளைகள் பர்மா பாஷையிலேயே சண்டை போடுகிறதே என்று ஞாயிற்றுக்கிழமை பாடசாலை வைத்தோம். யாராவது ஒண்டிக்கட்டை செத்துப்போனால் தோள் கொடுக்க நாலு பேர் இல்லை என்ற நிலைமை அப்புறம் வரவேயில்லை. இதையெல்லாம் சாதித்தது நான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். நான் செயலாளர், அவ்வளவுதான். நோட்டீஸில் என் பெயர் கீழே இருக்கும், வேலையில் சங்கரலிங்கத்தின் கை இருக்கும்.

சங்கரலிங்கத்தை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாமா மாமா என்று அவன் தோளை விட்டு இறங்காத பிள்ளை நீ. வாசுதேவநல்லூர்க்காரன், அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற வேலை, விரல் நுனியெல்லாம் எப்போதும் கறுப்பு. நாடகம் எழுதுவது, ஹார்மோனியம் வாசிப்பது, வேஷத்துக்கு வந்தவன் குடித்துவிட்டுக் கிடந்தால் அந்த வேஷத்தையும் கட்டுவது எல்லாம் அவன்தான். சாரல் விழா என்று ஒன்று நடத்தினோமே, அதுவும் அவன் யோசனைதான். ஆடி மாதம் ஊரில் அருவி கொட்டுகிறபோது நாம் இங்கே வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்றுதான் அது ஆரம்பித்தது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் ஒரு போத்தலில் குற்றாலத் தண்ணீர் பிடித்து, மூடியை மெழுகு வைத்து அடைத்துக் கொண்டுவர வேண்டும். விழா அன்றைக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தலையில் அந்தத் தண்ணீரைத் தெளிப்போம். அங்கே பிறந்த பிள்ளை அன்றைக்கு ஊர்ப்பிள்ளை ஆகிவிட்டது என்று கணக்கு.

பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பேரேடு வேண்டும் என்று சொன்னவன் நான். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தகப்பனார் ஊர், தாயார் ஊர் என்று நாலு கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தேன். தாயார் ஊர் எதற்கு என்று சங்கரலிங்கம் கேட்டான். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டாமா, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவனுக்கு நாலாவது கட்டத்தைத்தானே முதலில் பார்க்கத் தோன்றும் என்றேன். அவனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே கோத்து, நல்ல கனத்த தாளில் அச்சடித்து, சிவப்புத் துணி அட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் எழுதுகிற உரிமை எனக்கு மட்டும்தான். அந்தப் பேரேட்டைத் திறந்து பேனாவைத் தொட்டுவிட்டால் நான் மில் குமாஸ்தா என்பதே எனக்கு மறந்துபோகும்.

இரண்டு வருஷம் கழித்து அவன் மா தின்னைக் கல்யாணம் செய்துகொண்டான். அச்சாபீஸுக்கு எதிரே பூக்கடை வைத்திருந்த பர்மாக்காரப் பெண். நம் ஆட்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அவள் கையால் சாப்பிட்டபின் வாயை மூடிக்கொண்டார்கள். தேங்காய்ப்பால் அவர்கள் சமையலிலும் உண்டல்லவா, உன் அம்மா ஒருதரம் சொதி வைத்துக் காட்டினாள், அடுத்த வாரமே அவள் உன் அம்மாவைத் தோற்கடித்துவிட்டாள். நம் ஊர்ப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டு என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவாள். வடிவு பிறந்தது உனக்கு அடுத்த வருஷம். சங்கரலிங்கம் தன் அம்மா பெயரை வைத்தான். பாடசாலையில் அவளைப்போல் திருத்தமாகப் படிக்கிற பிள்ளை வேறு இல்லை. நீ மக்கு என்று சொல்லவில்லை, ஆனால் உன் வீட்டுப்பாடத்தை யார் எழுதிக் கொடுத்தது என்பது எனக்கும் தெரியும்.

உனக்கு எட்டு வயதானபோது நடந்த விழாவைச் சொல்கிறேன். வடிவு எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டுப்பாவாடை கட்டி, முதல் தடவையாக வரிசையில் உனக்கு அடுத்தாற்போல் நின்றாள். பேரேட்டில் அவள் பெயர் இல்லை. முதல்நாளே நாலைந்து பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பெயரை எழுதிவிட்டால் ஊரில் இருப்பவன் நாளைக்கு நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் சந்தேகப்படுவான், பெண் கொடுக்கமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவது கட்டத்தில் ரங்கூன் என்று எழுத என் பேனாவும் போகவில்லை. நான் வாசித்துக்கொண்டே வந்தேன். உன் பெயர் சொன்னேன், தண்ணீர் தெளித்தார்கள், அடுத்த பெயருக்குத் தாவிவிட்டேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "வடிவு பேர வாசிக்கலையேப்பா" என்றாய். நான் கேளாததுபோல் இருந்தேன். நீ உன் தலையைத் தடவி, ஈரமான உள்ளங்கையை அவள் தலையில் வைத்து அழுத்தினாய். அத்தனை பேர் முன்னால் உன் கன்னத்தில் அறைந்தேன்.

அந்த அறை உனக்கு நினைவிருக்கும். வரிசையைக் கலைத்ததற்காக அடித்தேன் என்று அன்றைக்கு வீட்டில் சொன்னேன். நீ நம்பினாய். சங்கரலிங்கம் ஹார்மோனியத்தை விட்டு எழுந்து வந்து உன்னைத் தூக்கிக்கொண்டான். "பிள்ளைய அடிக்காதீரும்வே. நாடகத்துக்கு நேரமாச்சு, திரையத் தூக்கச் சொல்லும்" என்றான். அவன் சண்டை போட்டிருந்தால், சங்கத்தை விட்டே போயிருந்தால், நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டுக் கல்நெஞ்சோடு இருந்திருப்பேன். அவன் வழக்கம்போல மறுநாள் வந்து பத்திரிகைகளைத் தைத்துவைத்தான். வடிவும் பாடசாலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். விழா அன்றைக்கு மட்டும் அவளுக்கு வருஷா வருஷம் காய்ச்சல் வந்துவிடும். நானும் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாய் விசாரிப்பேன்.

பெரிய மனிதர்கள் சொன்னார்கள் என்று அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பேனா என் கையை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் பயந்தேன். ஊரில் நான் நாலு வயல் வரப்புக்குச் சண்டை போடுகிற குடும்பத்தில் கடைசிப் பையன், யாரும் என்னைக் கேட்டு ஒரு காரியமும் செய்ததில்லை. அங்கே நான் எழுதினால்தான் ஒரு பிள்ளை ஊர்ப்பிள்ளை. நீயும் என்னைப்போல் அழகாக எழுதுகிறாய், போன இடத்தில் உன்னையும் செயலாளராக உட்காரவைப்பார்கள். உட்காராதே என்று சொல்லமாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபின் உன் கை எதை எழுத மறுக்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிரு.

பிறகு சண்டை வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஜனங்கள் துறைமுகத்தில் போய்க் குவிந்ததும் உனக்கே தெரியும். கப்பலில் மேல்தட்டில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மில் முதலாளியின் தயவில் கப்பல் கம்பெனி அதிகாரி ஒருவர், உங்கள் சங்கத்து ஆட்கள் யார் யார் என்று பட்டியல் கொடு, முத்திரை போட்டுத் தருகிறேன் என்றார். நான் எழுதுகிறதுதான் பட்டியல். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து பேரேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாய் எழுதினேன். தனி ஆட்களுக்கு இடமில்லை, பேரேட்டில் உள்ள பிள்ளைகளும் அவர்கள் தாய் தகப்பனும் மட்டும் என்று நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். அப்போது சங்கரலிங்கம் வந்து எதிரே நின்றான்.

"எனக்கு இடம் வேண்டாம்வே. அவ பேரயும் பிள்ள பேரயும் மட்டும் எழுதும். நான் நடந்தாவது வந்து சேந்துருவேன்" என்றான்.

"பேரேட்டுல இல்லாத பேர நான் எப்பிடிவே எழுதுதது? மத்தவங்க கேப்பாகல்லா" என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

அவன் பேரேட்டின் நாலாவது கட்டத்தில் விரலை வைத்தான். "அந்தக் கட்டத்த அச்சுக் கோத்தவன் நான்தான். உம்மச் சொல்லி என்ன" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். நான் கடைசியாகப் பார்த்தது அவன் முதுகைத்தான்.

மறுநாள் காலையில் நாம் புறப்படுகிறபோது மா தின் வீட்டுக்கு வந்தாள். வாழையிலையில் கட்டிய ஒரு பெரிய பொட்டலத்தை உன் அம்மாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாள். "கப்பல் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கிடாது அண்ணாச்சி. புளிச்சோறு கட்டியிருக்கேன், ரெண்டு நாளைக்குக் கெடாது" என்றாள். பட்டியலை யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியும். நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் நீ அதைத்தான் சாப்பிட்டாய். மாமா எப்போது வருவார், வடிவு எங்கே என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய். அடுத்த கப்பலில் வருகிறார்கள் என்றேன். பட்டணத்தில் இறங்கியபிறகு, மா தின்னுக்குத் தன் ஊரை விட்டு வர மனமில்லை, அதனால் தங்கிவிட்டார்கள் என்று மாற்றிச் சொன்னேன். அந்தப் பேச்சு நம் குடும்பங்கள் எல்லாவற்றிலும் பரவி, இன்றைக்கு அதுதான் உண்மை என்று ஆகிவிட்டது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. துறைமுகத்தில் நம் ஆட்களை எண்ணி ஏற்றியபோது இரண்டு குடும்பம் வரவேயில்லை. அவர்கள் முதல்நாளே வேறு வழியாகப் போய்விட்டார்களாம். ஏழு இடம் காலி. அந்த அதிகாரி கடியாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, உங்கள் ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்டார். சங்கரலிங்கத்தின் வீடு துறைமுகத்திலிருந்து குதிரைவண்டியில் கால்மணி தூரம். மூன்று பேரும் ஏறியிருக்கலாம், அப்புறமும் நாலு இடம் மிஞ்சும். நான் யாரும் இல்லை என்றேன். முதல்நாள் முடியாது என்று சொல்லிவிட்டு இன்றைக்குப் போய் வா என்று எப்படிக் கூப்பிடுவது என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்காக மூன்று உயிரை விட்டுவிட்டு வந்தேன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

போன வருஷம் பங்குனியில் வடகரை விலாசத்துக்கு ஒரு கார்டு வந்து, அங்கிருந்து தென்காசிக்குத் திருப்பி அனுப்பினார்கள். யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன். இப்போது உனக்காகப் பார்த்து எழுதுகிறேன். "அண்ணாச்சிக்கு மா தின் எழுதுதது. நீங்க கப்பலேறுன வருசம் நாங்க மூணு பேரும் நடந்து பொறப்பட்டோம். பிள்ளைக்கு முடியலன்னு பாதி வழியில திரும்பிட்டோம். அந்த மழையில அவுக காய்ச்சலாக் கெடந்து எங்கள விட்டுப் போய்ட்டாக. வடிவும் நானும் சொகம். ஹால்ல ஓடு ஒடஞ்சு ஒழுகுச்சு, சங்கத்துப் புஸ்தகத்தயெல்லாம் எங்க வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிருக்கோம். இங்கன தங்கிப்போன நம்ம பிள்ளைகளுக்கு வடிவு ஞாயித்துக்கெழமை பாடஞ் சொல்லுதா. ஆடிக்கு யாராவது வந்தா அருவித் தண்ணி குடுத்து விடுங்க. பிள்ளைக கேக்குது." அவ்வளவுதான். ஒரு கோபமில்லை, ஒரு கேள்வியில்லை. தமிழ் எழுத்தை அவளுக்குச் சங்கரலிங்கம் அச்செழுத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தான், அதனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது.

நான் பதில் போடவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். விருந்தன்று குற்றாலத்துக்குப் பையில் ஒரு போத்தலை எடுத்துப்போய், நீங்கள் எல்லாம் குளித்துக்கொண்டிருந்தபோது பிடித்தும் வைத்தேன். உன் கையில் கொடுத்தால் யாருக்கு என்று கேட்பாயே. கொடுக்காமலே வீட்டுக்குத் தூக்கிவந்தேன். விஷயம் தெரியாமல் உன் அம்மா அதைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றிவிட்டாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. சங்கத்துக்கு உயிர் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அங்கே அது செத்துக் கிடக்கவில்லை. நாம் எல்லோரும் ஓடிவந்த பிறகும் அதை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள் இரண்டு பேர். ஆகவே செயலாளர் மகன் என்ற பவிசோடு போய் நிற்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போ. வாசலில் நின்று உன் பெயரைச் சொல். வடிவு உள்ளே கூப்பிட்டால் போய்ப் பிள்ளைகளோடு உட்கார். கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பி வந்து, அடுத்த ஞாயிறும் போ. புத்தகங்களைக் கேட்காதே. கப்பலில் ஏழு இடம் காலியாய் வந்ததை அவர்களிடம் நீயே சொல். அது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே நம் வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்துச் சோறு போட்டுவிடுவாள் மா தின், அதற்கு இடம் கொடுத்துவிடாதே. முதலில் சொல்லு, பிறகு அவள் போட்டால் சாப்பிடு.

என்னைப் பற்றிக் கேட்டால் இருக்கிறார் என்று சொல். அப்பா வருத்தப்படுகிறார், அழுகிறார் என்றெல்லாம் சொல்லி அவர்களை இளக்கப் பார்க்காதே. அது நான் நேரில் வந்து என் வாயால் சொல்ல வேண்டியது. வா என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால், இந்த வயதில் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று யோசிக்காமல் புறப்பட்டு வருவேன். சொல்லவில்லை என்றால், அதையும் நீ மறைக்காமல் எனக்கு எழுது.

உன் அப்பா